பழைய கேபிள் மீட்டருக்குப் பதில் டிஜிட்டல் மீட்டர்: ஒயரிலிருந்து தொடங்குங்கள்

வீலிலிருந்து வரும் கேபிளால் முள் அசையும் பழைய மீட்டர் உள்ள பைக்கில் டிஜிட்டல் மீட்டர் மாட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் மீட்டரை வாங்கிவிட்டுத்தான் ஒயரைத் தேடுகிறார்கள். வரிசையே தலைகீழ். மீட்டர் வெறும் காட்டும் பெட்டி. வேகம், ஆர்பிஎம் (இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று), பெட்ரோல் அளவு, இன்ஜின் சூடு எல்லாம் வண்டியிலிருந்து அதற்குப் புரிகிற மாதிரி வந்து சேர வேண்டும். வராத சிக்னலை எவ்வளவு நல்ல மீட்டரும் காட்டாது. அதனால் வாங்குவதற்கு முன்பே ஒரு மல்டிமீட்டர், ஒரு தாள், ஒரு பேனாவோடு வண்டிப் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். மாட்டும்போது ஒரு முழு நாள் மிச்சமாகும்.

வாங்கும் முன் அளக்க வேண்டியவை

முதலில் பேட்டரி. கடையில் கிடைக்கும் மீட்டர்கள் அனேகமாக எல்லாமே 12 வோல்ட் டிசிக்கானவை. 6 வோல்ட் வண்டிக்கு நேரடியாக ஆகாது. இன்ஜினை ஓடவிட்டு, 4,000 ஆர்பிஎம் அளவில் பேட்டரி முனையில் வோல்டேஜ் பாருங்கள். 13.5 முதல் 14.5 வரை இருந்தால் சரி. 15-ஐத் தாண்டினால் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டுக்கொண்டிருக்கிறது. பல்பு அதைத் தாங்கும், எல்சிடி மீட்டர் தாங்காது. ரெகுலேட்டரை மாற்றிவிட்டு மேலே போங்கள்.

அடுத்தது ஹெட்லைட் லைன். பல சின்ன வண்டிகளில் ஹெட்லைட்டும் மீட்டர் பல்பும் இன்ஜினோடு சுற்றும் மேக்னட்டின் காயிலிலிருந்து நேராக ஏசி (மாறுதிசை) கரண்ட்டில் எரியும். பழைய மீட்டர் பல்பு ஒயர் கைக்குப் பக்கத்தில் இருக்கிறதே என்று அதிலிருந்து புது மீட்டருக்குக் கரண்ட் எடுத்தால், ஆக்சிலரேட்டரைத் திருகியவுடன் மீட்டர் பொசுங்கும். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, இன்ஜின் ஓடும்போது தொட்டுப் பாருங்கள். 10, 12 என்று ஏதாவது காட்டினால் அந்த ஒயரை மறந்துவிடுங்கள்.

ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் இன்னொரு கேள்வி. சில புது வண்டிகளில் இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) மீட்டருக்குள்ளேயே இருக்கும். அல்லது மீட்டரும் ஈசியுவும் (இன்ஜினை இயக்கும் கணினி) ஏபிஎஸ்ஸும் கேன் லைனில் (பொதுவான தகவல் ஒயரில்) பேசிக்கொண்டிருக்கும். அந்த மீட்டரைப் பிடுங்கினால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாமல் போகலாம். உங்கள் மாடலுக்கென்றே செய்த மீட்டர் கிடைத்தால் ஒழிய அதில் கை வைக்காதீர்கள். இந்தக் கட்டுரை மற்ற வண்டிகளுக்கு.

பிறகு எச்சரிக்கை விளக்குகள். ஒவ்வொரு பல்பையும் கழற்றி, ஹோல்டரின் எந்தப் பக்கம் நிரந்தரமாக பாசிட்டிவ், எந்தப் பக்கம் ஸ்விட்ச் வழியாக வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒயர் நிறத்தை நம்பாதீர்கள். இருபது வருட வண்டியில் யார் எதைக் கோத்திருக்கிறார்களோ. பொதுவாக நியூட்ரலுக்கும் ஆயில் பிரஷருக்கும் சாவி போட்டால் பாசிட்டிவ் ஒரு பக்கம் வந்து நிற்கும். ஸ்விட்ச் மறுபக்கத்தை எர்த் செய்யும். இண்டிகேட்டருக்கும் ஹை பீமுக்கும் எதிர்மாறு: எர்த் நிரந்தரம், பாசிட்டிவ் ஸ்விட்ச் வழியாக வரும். எல்லா விளக்குக்கும் ஒரே பொது எர்த் என்று செய்யப்பட்ட மீட்டரில், நியூட்ரல் ஒயரை அப்படியே கொடுத்தால் அது எரியவே எரியாது; நடுவில் ஒரு சின்ன ரிலே தேவைப்படும். மீட்டரின் ஒயரிங் படத்தில் ஒவ்வொரு விளக்கும் பாசிட்டிவ் எதிர்பார்க்கிறதா எர்த் எதிர்பார்க்கிறதா என்பதை வாங்கும் முன்பே படித்துவிடுங்கள்.

ஒற்றை இண்டிகேட்டர் பல்பு

பழைய வண்டிகளில் இடது, வலது இரண்டுக்கும் சேர்த்து மீட்டரில் ஒரே ஒரு பச்சைப் பல்பு இருக்கும். அதற்கு எர்த்தே கிடையாது. ஒரு முனை இடது இண்டிகேட்டர் ஒயரில், மறுமுனை வலது ஒயரில். இடது மின்னும்போது கரண்ட் இந்தச் சின்னப் பல்பு வழியாகப் போய், வலது பக்கப் பெரிய பல்புகளின் ஃபிலமென்ட்டைக் கடந்து எர்த்துக்கு இறங்கும். பெரிய பல்பு எரியும் அளவுக்கு அது போதாது என்பதால் யாருக்கும் தெரிவதில்லை.

அந்த இடத்தில் எல்இடி வைத்தால் ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் எரியும். வெளி இண்டிகேட்டர்களையும் எல்இடியாக மாற்றிவிட்டு உள்ளே பழைய பல்பை விட்டுவைத்தால் இன்னும் வேடிக்கை: எந்தப் பக்கம் போட்டாலும் நான்கும் சேர்ந்து மின்னும். விளக்கை மின்னவைக்கும் ஃபிளாஷரை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். குற்றம் ஃபிளாஷரில் இல்லை.

தீர்வு இரண்டு 1என்4007 டையோடு. ஒன்றின் கோடு இல்லாத முனை இடது ஒயரில், மற்றதன் கோடு இல்லாத முனை வலது ஒயரில். வெள்ளிக் கோடு போட்ட இரண்டு முனைகளையும் சேர்த்து முறுக்கி மீட்டரின் இண்டிகேட்டர் பாசிட்டிவுக்குக் கொடுங்கள். மறுபக்கம் எர்த். மீட்டரிலேயே இடது, வலது தனித்தனியாக இருந்தால் டையோடு தேவையில்லை.

எடுத்துவிடக் கூடாத பல்புகள்

பல்பு என்பது வெளிச்சத்துக்கு மட்டும் இல்லாத இடங்கள் இரண்டு. ஏர்கூல் பாக்ஸர் பிஎம்டபிள்யூ போன்ற சில வண்டிகளில் சார்ஜிங் எச்சரிக்கைப் பல்பு வழியாகத்தான் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் ரோட்டருக்கு முதல் கரண்ட் போகும். மீட்டரோடு அந்தப் பல்பும் போனால் சார்ஜிங்கும் போச்சு. அதேபோல, பெட்ரோல் குறைந்தால் மட்டும் எரியும் விளக்கு உள்ள வண்டிகளில் டேங்குக்குள் ஒரு தெர்மிஸ்டர் இருக்கும். பெட்ரோலில் மூழ்கியிருக்கும்வரை குளிர்ந்திருக்கும். வெளியே வந்ததும் பல்பு வழியாக வரும் கரண்ட்டில் சூடேறி, ரெசிஸ்டன்ஸ் குறைந்து, பல்பு எரியும். எல்இடி இழுக்கும் கரண்ட் அதைச் சூடாக்கப் போதாது, ஆகவே விளக்கு சரியாக வேலை செய்யாது. இரண்டுக்கும் ஒரே மருந்து: எல்இடிக்கு இணையாக 47 ஓம், 5 வாட் ரெசிஸ்டர். 3 வாட் பல்பு இழுக்கும் கரண்ட்டை அது கிட்டத்தட்ட இழுத்துக்கொள்ளும். கை சுடும் அளவுக்குச் சூடாகும். மீட்டரின் பிளாஸ்டிக்கையோ ஒயர் கட்டையோ ஒட்டி வைக்காதீர்கள்.

வேகம்

புது மீட்டருக்கு வேகம் மின் துடிப்பாக (பல்ஸ்) வர வேண்டும். வழி இரண்டு. ஒன்று, வீலில் காந்தமும் ஃபோர்க்கில் சென்சாரும். இன்னொன்று, பழைய கேபிள் மாட்டிய இடத்தில் மரையில் திருகும் அடாப்டர் சென்சார்.

காந்த வழியில், காந்தத்தை டிஸ்க் போல்ட் தலைக்குழியில் ஒட்டச் சொல்வார்கள். வசதிதான். ஆனால் சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரிக்கு மேல் சூடானால் பலம் இழக்கும்; இறக்கத்தில் பிரேக் பிடித்துக்கொண்டே வந்தால் டிஸ்க் அதைச் சுலபமாகத் தாண்டும். ஹப்பின் அலுமினியப் பகுதியில் இடம் கிடைத்தால் அங்கே ஒட்டுங்கள். எபாக்ஸி போடும் முன் காந்தத்தின் எந்த முகத்துக்கு சென்சார் வேலை செய்கிறது என்று பார்த்துவிடுங்கள். ஹால் சென்சார் (காந்தத்தை உணரும் சென்சார்) பலதும் ஒரு முகத்தை மட்டுமே மதிக்கும். இடைவெளி மேனுவலில் இருக்கும்; பெரும்பாலும் 2 முதல் 5 மில்லிமீட்டர். சென்சார் ஒயரை பிரேக் ஹோஸோடு சேர்த்துக் கட்டினால் ஃபோர்க் ஏறி இறங்கும்போது அதுவும் சேர்ந்து அசையும், இழுபடாது.

ஒரே காந்தம் போதுமா? டயர் சுற்றளவு சுமார் 1,970 மில்லிமீட்டர் என்றால், 60 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு எட்டுத் துடிப்புக்கு மேல் வரும், தாராளம். 10 கிலோமீட்டரில் நொடிக்கு ஒன்றரைகூட வராது. எண் தயங்கித் தயங்கி மாறும். நெரிசலில் ஓட்டுபவர் நான்கு அல்லது ஆறு காந்தம் வைக்கலாம். ஆனால் சம தூரத்தில். ஒன்று தள்ளியிருந்தால் சீரான வேகத்திலும் எண் ஆடும்.

கேபிள் இடத்து அடாப்டரில் ஒரு கணக்குச் சிக்கல் உண்டு. ஜப்பானிய வண்டிகளில் பொதுவாக 60 கிலோமீட்டர் வேகத்தில் கேபிள் நிமிடத்துக்கு 1,400 சுற்று சுற்றும். அதாவது ஒரு கிலோமீட்டருக்கு 1,400. வீல் ஒரு சுற்று சுற்றினால் கேபிள் 2.8 சுற்று போல. மீட்டரோ ஒரு சுற்றுக்கு எத்தனை துடிப்பு என்று முழு எண்ணில்தான் கேட்கும். 3 என்று போட்டு, டயர் சுற்றளவை அப்படியே கொடுத்தால் வேகம் குறைவாகக் காட்டும். அதற்குப் பதில் கேபிளையே வீலாக எண்ணிக்கொள்ளுங்கள்: 1,000-ஐ 1.4-ஆல் வகுத்தால் 714. துடிப்பு 1, சுற்றளவு 714 மில்லிமீட்டர். அவ்வளவு சின்ன எண்ணை மீட்டர் ஏற்காவிட்டால் துடிப்பு 2, சுற்றளவு 1,428. பழைய பிரிட்டிஷ் மீட்டர்களின் முகத்தில் அச்சிட்டிருக்கும் 1000, 1600 போன்ற எண் ஒரு மைலுக்கான கேபிள் சுற்று; அதிலிருந்தும் இதே கணக்குப் போடலாம். சந்தேகம் இருந்தால் கேபிளின் மேல்முனையில் ஒரு டேப் துண்டு ஒட்டி, வீலைக் கையால் பத்துச் சுற்று சுற்றி எண்ணுங்கள்.

காந்த வழிக்குப் போய், முன் ஹப்பில் கேபிளைச் சுற்றும் ஸ்பீடோ கியர் பெட்டியை எடுத்துவிட நினைத்தால், அதே அகலத்தில் ஒரு ஸ்பேசர் (இடைவெளியை நிரப்பும் வளையம்) கடைந்து போட வேண்டும். வெர்னியரால் அளந்து செய்யுங்கள். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்கூட டிஸ்க்கைக் கேலிப்பரின் நடுவிலிருந்து தள்ளும். கியர் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு கேபிள் துளையை மட்டும் அடைப்பது பலருக்குப் போதும்.

ஆர்பிஎம்

கேள்வி ஒன்றுதான்: நீங்கள் எடுக்கும் ஒயரில், கிராங்க் (இன்ஜினின் முக்கியத் தண்டு) ஒரு சுற்று சுற்றினால் எத்தனை ஸ்பார்க்? டூ ஸ்ட்ரோக் சிங்கிளில் (ஒற்றை சிலிண்டரில்) ஒன்று. மேக்னட்டில் பிக்கப் காயில் (பொறி விழும் நேரத்தைச் சொல்லும் சென்சார்) உள்ள ஃபோர் ஸ்ட்ரோக் சிங்கிளிலும் ஒன்றுதான். எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கிலும் வீணாக ஒரு தடவை பொறி விழும். இரண்டு சிலிண்டருக்கு ஒரே காயில் உள்ள நான்கு சிலிண்டர் வண்டியில் ஒரு காயிலுக்கு ஒன்று. கேமில் பாயின்ட் (பொறியை விடும் பழைய வகை ஸ்விட்ச்) உள்ள சிங்கிளிலும், தனித்தனி காயில் வைத்து ஈசியு இயக்கும் புது இன்ஜின்களிலும் இரண்டு சுற்றுக்கு ஒன்று. மீட்டர் இருமடங்கு காட்டினாலோ பாதி காட்டினாலோ இந்த அமைப்புதான் தவறு, மீட்டர் இல்லை.

பொறிக்கான இக்னிஷன் காயிலின் பிரைமரி (உள்ளே வரும்) ஒயரில் பேட்டரி வோல்டேஜ்தான் இருக்கும் என்று நினைக்காதீர்கள். பாயின்ட் திறக்கும் கணத்தில் அங்கே சில நூறு வோல்ட் எகிறும், சிடிஐ எனும் எலக்ட்ரானிக் இக்னிஷனிலும் அப்படித்தான். மேனுவல் சொல்லும் ரெசிஸ்டர் இல்லாமல் அதிலிருந்து மீட்டருக்கு ஒயர் கொடுத்தால் அந்த இன்புட் செத்துவிடும். ரெசிஸ்டரை மீட்டர் பக்கம் வைக்காமல் காயில் பக்கம், முனையிலிருந்து விரல் நீளத்துக்குள் வையுங்கள். காரணம் உண்டு: இந்த மெல்லிய ஒயர் ஸ்டியரிங் கழுத்தில் உரசி இன்சுலேஷன் போய் ஃபிரேமைத் தொட்டால், ரெசிஸ்டர் இல்லாத பகுதி காயிலையே எர்த் செய்து ஓடும் வண்டியை அணைத்துவிடும். ரெசிஸ்டருக்குப் பிறகு தொட்டால் ஆர்பிஎம் முள் மட்டும் விழும், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒயரை ஸ்பார்க் பிளக் கேபிள் மேல் மூன்று முதல் ஐந்து சுற்று சுற்றும் முறையும் உண்டு. வண்டியில் எதையும் வெட்டத் தேவையில்லை; ஆனால் சுற்று கூடினால் இல்லாத துடிப்பையும் எண்ணும், குறைந்தால் அதிக ஆர்பிஎம்மில் விட்டுவிடும். ஒவ்வொரு சுற்றாகக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள்.

இதில் முதல் எதிரி ரெசிஸ்டர் இல்லாத பிளக். பிளக் எண்ணில் ஆர் எழுத்து இருக்கிறதா, அல்லது பிளக் கேப் 5 கிலோ ஓம் காட்டுகிறதா பாருங்கள். இரண்டும் இல்லாவிட்டால் ஆர்பிஎம் மட்டுமில்லை, வேகமும் குதிக்கும். சில மீட்டர் நடுவழியில் அணைந்து எரியும்.

டேக்கோ (ஆர்பிஎம் மீட்டர்) கேபிள் கழற்றிய இன்ஜின் துளையை ஓ-ரிங் போட்ட பிளக்கால் மூடுங்கள். உள்ளே ஆயில் இருக்கிறது. சிலிகான் பூசிய போல்ட் ஒரு மாதம் தாங்கும்.

பெட்ரோல், சூடு

டேங்குக்குள் பெட்ரோல் அளவைச் சொல்லும் சென்சாரின் (சென்டர்) கனெக்டரைக் கழற்றி, டேங்க் நிரம்பியபோதும் காலியாகும் நிலையிலும் ஓம் அளந்து எழுதுங்கள். மீட்டர்களில் பெரும்பாலும் 100, 250, 510 ஓம் என்று தேர்வு இருக்கும். உங்கள் எண்ணுக்குப் பக்கத்தில் இருப்பதைப் போடலாம். சில வண்டியில் நிரம்பினால் ஓம் குறையும், சிலதில் கூடும். மீட்டர் எதிர்த்திசையை எதிர்பார்த்தால் நிரம்பிய டேங்க் காலி என்று காட்டும், அதை ஒயர் மாற்றிச் சரிசெய்ய முடியாது. சூட்டுக்கு மீட்டரோடு வரும் சென்சாரையே போடுங்கள். இரண்டு கம்பெனி சென்சார்கள் ஒரே மரையில் உட்காரலாம். ஒரே டிகிரியில் ஒரே ஓம் காட்டாது.

பிராக்கெட்

3 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு போதும். வளைக்க வேண்டுமென்றால் 5052 ரகம். 6061-டி6-ஐக் கூர்மையாக வளைத்தால் மடிப்பில் வெடிப்பு விடும். முதலில் அட்டையில் வெட்டி மாட்டிப் பாருங்கள்: ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, டேங்கிலோ கேபிளிலோ இடிக்கிறதா, சாவி போட இடம் இருக்கிறதா என்று. ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் மேல் பிளேட்டில் புதிதாகத் துளை போடவே போடாதீர்கள். அது வண்டியின் எடையைத் தாங்கும் பாகம், ஏற்கெனவே உள்ள போல்ட்டுகளைப் பயன்படுத்துங்கள். மீட்டருக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவில் ரப்பர் குரோமெட், அதற்குள் உலோகக் குழாய். குழாய் இல்லாவிட்டால் போல்ட்டை இறுக்கும்போது ரப்பர் நசுங்கி, அதிர்வு அப்படியே மீட்டருக்குப் போகும்.

கோணத்தை முடிவு செய்யும் முன் போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு ஒருமுறை பாருங்கள். சில எல்சிடி அப்படிப் பார்த்தால் முழுக் கறுப்பு. வாங்கும் இடத்திலேயே பார்த்திருந்தால் இன்னும் நல்லது.

ஒயரிங்

வண்டியின் ஒரிஜினல் ஹார்னஸை (ஒயர்க் கட்டை) வெட்டாதீர்கள். பழைய மீட்டரின் கனெக்டருக்கு எதிர் ஜோடி வாங்கி, அதிலிருந்து புது மீட்டருக்கு ஒரு இடைக் கட்டு செய்யுங்கள். நாளைக்கு வண்டியை விற்கும்போது பழைய மீட்டர் பத்து நிமிடத்தில் திரும்ப ஏறும்.

0.5 சதுர மில்லிமீட்டர் ஒயர், கிரிம்ப் முனை, ஹீட் ஷ்ரிங்க் டியூப். சால்டர் வைத்தால் ஒயரின் இழைகளுக்குள் ஈயம் ஏறிக் கம்பியாக விறைத்து, அது முடியும் இடத்தில் அதிர்வில் ஒடியும். மீட்டருக்கு மூன்று லைன் முக்கியம்: பேட்டரியிலிருந்து நிரந்தர பாசிட்டிவ், சாவி போட்டால் வரும் பாசிட்டிவ், எர்த். இரண்டு பாசிட்டிவிலும் 1 ஆம்பியர் பியூஸ். எர்த்தை ஹேண்டில்பாரிலோ ஹெட்லைட் பிராக்கெட்டிலோ எடுக்காதீர்கள். ரப்பரும் பெயின்ட்டும் நடுவில் இருக்கும். தனி ஒயராக பேட்டரி நெகட்டிவ் வரை இழுத்துவிடுங்கள். பாதி நோய்கள் இதிலேயே தீரும்.

நிரந்தர லைன் கடிகாரத்துக்கும் நினைவுக்கும். எவ்வளவு இழுக்கிறது என்று மில்லி ஆம்பியரில் அளந்து பாருங்கள். 5 மில்லி ஆம்பியர் சின்னதாகத் தெரியும். முப்பது நாள் வண்டி நின்றால் 3.6 ஆம்பியர் மணி, 7 ஆம்பியர் மணி பேட்டரியில் பாதி.

அளவு போடுவது

டயரில் எழுதியிருப்பதை வைத்துக் கணக்குப் போடலாம்: 100/90-18 என்றால் ரிம் 457 மில்லிமீட்டர், இரண்டு பக்கச் சுவர் 180, மொத்த விட்டம் 637, சுற்றளவு 2,002. ஆனால் ஆள் உட்கார்ந்தால் டயர் அமுங்கும். சரியான காற்று அடித்து, வால்வு நேர் கீழே வரும்போது தரையில் சாக்பீஸ் கோடு போட்டு, ஒருவர் ஏறி உட்கார, இன்னொருவர் தள்ளி, மூன்று சுற்றுக்குப் பின் அடுத்த கோடு. 5,910 மில்லிமீட்டர் வந்தால் மூன்றால் வகுத்து 1,970. பிறகு நேரான சாலையில் சீரான வேகத்தில் ஜிபிஎஸ்ஸோடு ஒப்பிடுங்கள். ஜிபிஎஸ் 60, மீட்டர் 62 என்றால் 1,970-ஐ 60-ஆல் பெருக்கி 62-ஆல் வகுத்து 1,906 என்று மாற்றலாம். ஒரு கிலோமீட்டர் மட்டும் கூடுதலாகக் காட்டினால் அப்படியே இருக்கட்டும். உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டக் கூடாது என்பதுதான் ஐநாவின் 39-ஆம் எண் வாகன விதி.

பழைய மீட்டரின் கிலோமீட்டரைக் கழற்றும் முன்பே படம் எடுத்து, புதியதில் ஏற்றுங்கள். சில மீட்டர் இதை ஒருமுறைதான் அனுமதிக்கும், ஆகவே எண்ணை இரண்டு தடவை சரிபாருங்கள். ஏற்ற வழியில்லாவிட்டால் மாற்றிய தேதியும் கிலோமீட்டரும் வண்டிக் காகிதங்களோடு எழுத்தில் இருக்கட்டும்.

மாட்டிய பிறகு வரும் கோளாறுகள்

ஸ்டார்ட்டர் பட்டனை அழுத்தும்போது மீட்டர் அணைந்து மறுபடி ஆரம்பித்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது, அல்லது எர்த் மோசம். கிளட்ச் பிடித்தால் நியூட்ரல் விளக்கு எரிந்தால், ஸ்டார்ட்டர் பாதுகாப்பு சர்க்யூட்டில் இருந்த டையோடைத் தவிர்த்து ஒயர் எடுத்திருக்கிறீர்கள். நியூட்ரல் எல்இடி கியரில் இருக்கும்போதும் மங்கலாக எரிந்தால் ஸ்விட்ச்சில் சின்னக் கசிவு. எல்இடிக்கு இணையாக 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வையுங்கள். வேகம் ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் பூஜ்ஜியத்துக்கு விழுந்தால் காந்தத்துக்கும் சென்சாருக்கும் இடைவெளி அதிகம். மழைக்குப் பின் மட்டும் தகராறு என்றால் மீட்டரைத் திறக்காதீர்கள், கனெக்டரைப் பாருங்கள். அதன் வாய் மேல்நோக்கி நின்றுகொண்டிருக்கும். கீழ்நோக்கித் திருப்பி, ஒயரை ஒரு வளைவு தொங்கவிட்டுக் கட்டினால் தண்ணீர் கனெக்டருக்குப் போகாமல் வளைவிலேயே சொட்டிவிடும்.

முதல் 100 கிலோமீட்டருக்குப் பின் பிராக்கெட் போல்ட்டுகளையும் சென்சார் இடைவெளியையும் இன்னொரு தடவை பார்த்து, ஸ்டியரிங் கழுத்தில் ஒயர் எங்காவது பளபளவென்று தேய்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துத் தேடுங்கள். கழற்றிய பழைய மீட்டரைத் துணியில் சுற்றி, கேபிள்களோடு சேர்த்து எடுத்து வையுங்கள்.